நிறுத்து சாரும் பட்டியலில் விடுபட்ட மலையும்

கள்ளக்குறிச்சியில் பிறந்த கோபக்காரர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் உட்காரவைத்து, மறு தட்டில் நிறுத்து சாரை மட்டும் ஏற்றினால், அவர் பக்கம்தான் தரையைத் தட்டும். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்கவேண்டாம். நானே கோபக்காரி. சங்கராபுரத்தில் இரும்புக்கடை வைத்திருந்த எங்கள் அத்தா, "இவளக் கல்லாவுல குந்த வெச்சா வர்ற கிராக்கி எல்லாம் சின்னசேலத்துக்கு ஓடிப் போயிடும்" என்று சொல்லித்தான் என்னை வெளியே வேலைக்கு அனுப்பினார். அப்படிப்பட்ட நானே அவர் முன்னால் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றிருக்கிறேன்.

சேலம் சாலையில் ஓர் உரக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். மூக்கை மூடிக்கொண்டுதான் படியேற வேண்டும். அரசு அலுவலகங்களில் கரையான் தின்றது போக மிச்சமிருந்த பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, கேட்டு வருகிறவர்களுக்குத் தேடி எடுத்து நகல் தருவதுதான் வேலை. ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் பெயர் வேண்டாம். அது செய்த காரியத்துக்கு நான் விளம்பரம் வேறு கொடுக்க வேண்டுமா?

ஆறு கவுன்டர். நான் நாலாவது. உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறையில் அவர். அந்தத் தேடும் சாஃப்ட்வேரைக் கட்டியவரும் அவர்தான், அதற்குக் காவல் காத்தவரும் அவர்தான். எங்கள் யார் பெயரும் அவருக்குத் தெரியாது. ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்தான். அவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது என்பதால் கணக்கு நேராகிவிட்டது. எந்தக் கவுன்டரில் எவ்வளவு நேரமாகத் தேடல் ஓடுகிறது என்று அவர் திரையில் தெரியும். ஐந்து நொடி தாண்டினால் கண்ணாடிக் கதவு படாரென்று திறக்கும். கொரோனா முடிந்தும் முடியாத காலம். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வருவார்.

"யார்ரா அது ரெண்டு? நிறுத்து! நிறுத்துன்றேன் இல்ல?"

ரெண்டாவது கவுன்டர் தம்பி, 'முருகன்' என்று மட்டும் அடித்துவிட்டு விரலைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"முருகன்னா எந்த முருகன்? மாவட்டத்துல கீற அத்தினி முருகனையும் எழுப்பி வரிசையில நிக்க வெக்கணுமா? ஊரு போட்டியா? அப்பா பேரு போட்டியா?"

"இல்ல சார், அவுரு அவசரம்னாரு..."

"அவருக்கு அவசரம். மெசினு இன்னா பண்ணும்? ஒவ்வொரு பேப்பரா எடுத்து, நீ முருகனா, நீ முருகனான்னு கேட்டுக்கினே போவுது. உன்னால மீதி அஞ்சு பேரு சும்மா குந்திக்கினு கீறாங்க!"

ஒரு நாளைக்கு இருபது முறையாவது இந்தச் சத்தம் கேட்கும். கீழே உரக்கடையில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட ஒரு கணம் நின்று மேலே பார்ப்பார்கள். அப்படி வந்த பெயர்தான் நிறுத்து சார்.

கத்தலுக்கு நடுவே அவர் ஒரு பாடமும் நடத்துவார். "தேடறது வழி தெரியாதவன் பண்ற வேலை. வழி தெரிஞ்சவன் நேராப் போயி எடுத்துக்கினு வருவான்" என்பார். எந்தக் கோப்பு எந்த ஊர், எந்த சர்வே எண் என்று கம்ப்யூட்டருக்குள் தனியாக ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதற்கு இண்டெக்ஸ் என்று பெயர். ஊரையும் எண்ணையும் சொன்னால் மெஷின் பட்டியலைப் பார்க்கும், நேராகப் போகும், எடுத்து நீட்டும். சொல்லாவிட்டால் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் புரட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு தேடலுக்கு இருபது பதிவுக்கு மேல் காட்டவும் மாட்டார். "இருவதுக்குள்ள வரலன்னா கேட்ட கேள்வி தப்பு" என்பது அவர் சட்டம்.

இந்த வியாதி அலுவலகத்தோடு நின்றதா என்றால் இல்லை. ரெண்டாவது கவுன்டர் தம்பிக்கு எலவனாசூர்கோட்டையில் கல்யாணம். மண்டபத்துக்குள் வந்தவர்கள் எல்லாம் தங்கள் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டு நாற்காலி நாற்காலியாக அலைவதை நிறுத்து சார் பார்த்தார். பொறுக்கவில்லை. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணை ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் இவர் நின்றுகொண்டார்.

"பொண்ணு வூடா, மாப்பிள்ளை வூடா?"

"பொண்ணு வூடு."

"அம்மா வழியா, அப்பா வழியா?"

"அம்மா வழிங்க."

"எடது பக்கம், மூணாவது வரிசை. நேராப் போங்க. நடுவுல நின்னு பேசாதீங்க."

அரை மணி நேரம் மண்டபம் ராணுவ முகாம் மாதிரி ஒழுங்காக நிறைந்தது. அப்புறம் வேர்த்து விறுவிறுத்து ஒரு பெரியவர் வந்தார். "யாருய்யா நீ, வாசல்ல நின்னுக்கினு எல்லாரையும் வெரட்டறே?" என்றார். சார் அசரவில்லை. "நீங்க எந்த வழி?" என்றார். "யோவ், பொண்ணப் பெத்த அப்பன்யா நான்!" என்று அவர் கத்தினார். சார் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப அப்பா வழி. வலது பக்கம், மொத வரிசை" என்றார். பந்தியில் எங்கள் அலுவலகத்துக்கு அன்றைக்குப் பாயசம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. ஒரு நாள் ஊர்வலம், மறுநாள் மறியல், அதற்கு மறுநாள் மனு. எந்த பஸ் எங்கே நிற்கும் என்று ஓட்டுகிற டிரைவருக்கே தெரியாது. கேட்கிறவர்கள், எதிர்க்கிறவர்கள், எங்களை விட்டுவிட்டீர்களே என்கிறவர்கள் எல்லாருக்கும் திடீரென்று தாத்தாவின் காகிதம் தேவைப்பட்டது. அத்தனை பேரும் எங்கள் படியில்தான் ஏறினார்கள்.

ஒரு நாள் வெள்ளைச் சட்டையில் ஒரு தலைவர், பின்னால் நாற்பது பேரோடு வந்தார். ரெண்டாவது கவுன்டரில் கையை ஊன்றி, "எங்க சாதி பேரப் போட்டு அடி. எல்லாத்தையும் எடு. நாங்க எத்தினி பேருன்னு சென்னைக்குக் காட்டணும்" என்றார். தம்பி பயத்தில் அடித்துவிட்டான். சாதிப் பெயரைப் போட்டால் பாதி மாவட்டம் எழுந்து வருமே! ஆறு கவுன்டரும் உறைந்துவிட்டன. கண்ணாடிக் கதவு திறந்தது.

"எவன்டா அது! நிறுத்து!"

தலைவர் மெதுவாகத் திரும்பினார். "யாரப் பாத்து நிறுத்துன்ற? நேத்து சேலம் ரோட்டையே நிறுத்துனவங்க நாங்க."

"ரோட்ட நிறுத்து, வேணாம்னு சொல்லல. என் மெசின ஏன் நிறுத்துற? உன் ஆளுங்க நாப்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு பேப்பரு வேணும்னா ரெண்டு நொடியில தரேன். மொத்தமாக் கேட்டா ஒருத்தனுக்கும் கெடைக்காது. ஊரு, சர்வே நம்பரு, அப்பா பேரு. வரிசையில வா!"

கைகலப்புக்குத் தயாராக வந்த நாற்பது பேரும் வரிசையில் நின்ற கதை இது. ஒரு மணி நேரத்தில் எல்லார் கையிலும் நகல் இருந்தது. தலைவர் போகும்போது, "கோவக்காரன்தான். ஆனா வேலைக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சார் ஒரு முடிவெடுத்தார். தேடும் பக்கத்தில் மூன்றே கட்டம். ஊர், சர்வே எண், அப்பா பெயர். மூன்றையும் நிரப்பினால்தான் தேடவே தொடங்கும். கிராம அலுவலர்கள் சாதி விசாரணைக் கோப்பின் தலையில் அந்தக் குடும்பத்து நிலத்தின் சர்வே எண்ணை எழுதிவைப்பது வழக்கம். அதனால் தடையில்லாமல் ஓடியது. இரண்டே நொடி. கிடைத்தால் நகல் வரும். கிடைக்காவிட்டால் 'பதிவு இல்லை' என்று முத்திரையோடு ஒரு சீட்டு வரும். மேனேஜருக்கு ஒரே பூரிப்பு. விழுப்புரத்துக்காரர், எப்போதும் புன்னகை. அந்தப் புன்னகையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு திங்கட்கிழமை கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மா பெயர் அலமேலு. பெண் தீபா, பிளஸ் டூ முடித்தவள். நர்சிங் படிப்புக்கு வெள்ளிக்கிழமை கலந்தாய்வு. பழங்குடிச் சான்றிதழ் கையில் இருந்தால் இடம் உறுதி, இல்லாவிட்டால் கை நழுவிப் போகும். தீபாவின் அப்பா ஆண்டி இறந்து நான்கு வருடமாகிறது. அவர் வாங்கிய சான்றிதழ் மழையில் கூரையோடு போய்விட்டது. அவருடைய விசாரணைக் கோப்பின் நகலைக் கொண்டுவந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுவதாகச் சான்றிதழ் தரும் அதிகாரி சொல்லியிருந்தார்.

"சர்வே நம்பரு இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாது கண்ணு. ஊரு வெள்ளிமலைக்கு அந்தாண்ட. வூட்டுக்காரரு பேரு ஆண்டி. அவரு அப்பா பேரு குப்பன்."

எண் கட்டம் காலியாக இருந்தால் மெஷின் நகராது. எண் தெரியாதவர்களுக்கு நாங்கள் எல்லாரும் செய்கிற வேலையை நானும் செய்தேன். பூஜ்யத்தைப் போட்டுத் தட்டினேன். இரண்டு நொடியில் 'பதிவு இல்லை' என்று சீட்டு வந்தது. கிழித்துக் கொடுத்தேன். அதிகாரி அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரே இல்லைன்னு சொல்லுது, நான் இன்னா பண்றது?" என்று திருப்பி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார்கள். மறுபடி பூஜ்யம், மறுபடி சீட்டு. புதன்கிழமை மறியல், பஸ் ஓடவில்லை. வியாழக்கிழமை காலை, கிடைத்த பால் வண்டியில் தொற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மூன்றாவது முறையாக என் முன்னால் நின்றார்கள்.

எனக்கு எரிச்சல். வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. "எத்தினி வாட்டிம்மா சொல்றது? இல்லைன்னா இல்லதான்!" என்று கத்திவிட்டேன். இதை எழுதும்போது என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சத்தம் கேட்டு நிறுத்து சார் வெளியே வந்தார். "இன்னா நாலு, இன்னா பிரச்சினை? நம்பரு இல்லாம வந்தா எப்பிடிம்மா தேடறது? மொதல்ல நம்பர எடுத்துக்கினு வா!"

அந்த அம்மா அதுவரைக்கும் பொறுமையாக இருந்தவள். கையிலிருந்த மஞ்சள் பையைக் கவுன்டர் மேல் வைத்தாள்.

"எங்க கொட்டாயிக்கு இன்னா நம்பரு சாமி? பாரஸ்ட்டுக்காரன் அது காடுன்றான். ரெவின்யூக்காரன் எங்க கணக்குலயே இல்லைன்றான். எவன் மலைக்கு வந்து நம்பரு போட்டான்? நீ போட்டியா?"

"அதுக்கு நான் இன்னா..."

"இரு. நான் பேசிக்கினு கீறேன் இல்ல? மூணு நாளா இல்ல இல்லன்னு சீட்டு குடுக்கறீங்களே, தேடிப் பாத்தீங்களா? தேடிட்டு இல்லன்னு சொல்லு, நான் போறேன். தேடாமயே இல்லைன்னா அது பொய்யி. பொய்யிக்குச் சீலு வேற குத்திக் குடுக்கறே!"

சார் என் நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். ஸ்கேன் செய்த கோப்புகள் எத்தனை, அவர் போட்ட பட்டியலில் இருப்பவை எத்தனை என்று இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லை. அவர் முகம் செத்துப்போனது.

சர்வே எண் உள்ள கோப்புகளை மட்டும்தான் அவருடைய பட்டியல் சேர்த்துக்கொண்டிருந்தது. எண் இல்லாத கோப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. மலையிலிருந்து வந்த பெட்டிகள் முக்கால்வாசி அப்படித்தான். உள்ளே பத்திரமாக இருந்தன, ஆனால் யார் கேட்டாலும் வராது. ஒரு மலையையே அவர் தன் கையால் அழித்து வைத்திருந்தார். நாங்கள் அதற்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"நாலு, இதுக்கு முன்னால மலையிலேந்து எத்தினி பேரு வந்தாங்க?" என்று கேட்டார்.

"ஞாபகமில்ல சார். நெறைய பேரு."

"எல்லாருக்கும் சீட்டு குடுத்தியா?"

"குடுத்தேன் சார்."

மேசையை ஓங்கி ஒரு குத்து. என் மேல் விழவேண்டிய குத்து என்று நினைத்தேன். "முட்டாப் பய! மடப் பய!" என்று அவர் திட்டியது தன்னைத்தான். எழுந்து உள்ளே போனார். இரண்டு வருடமாக எங்களை எதைச் செய்யாதே செய்யாதே என்று கத்தினாரோ, அதையே செய்தார். கட்டுப்பாடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஆண்டி, அப்பா குப்பன் என்று மட்டும் போட்டு, முதல் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கோப்பாகப் புரட்டும்படி மெஷினை விட்டார். பகல் பதினொரு மணி. ஆறு கவுன்டரும் நின்றன. படி முழுக்கக் கூட்டம்.

மேனேஜர் ஓடி வந்தார். முகத்தில் புன்னகையைக் காணோம். "சார், இன்னா பண்றீங்க? நிறுத்துங்க! எவ்ளோ நேரம் ஆவும்?"

"முடியற வரைக்கும் ஆவும்."

"ஒரு பொம்பளைக்காக இத்தினி பேர நிக்க வெக்கறதா? நான் மெயின ஆஃப் பண்றேன்!"

மின்சாரப் பலகை படிக்குக் கீழே இருந்தது. சார் தன் கண்ணாடிக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் படியை நோக்கிப் போனார். படியில் அதே வெள்ளைச் சட்டைத் தலைவர், வேறு ஒரு ஐம்பது பேரோடு.

"இன்னாய்யா, கவுன்டர் நின்னு போச்சாமே?" என்றார்.

"மலைக்காரங்க ரெண்டு பேரால வந்த வினை. நவுருங்கய்யா, வழிய வுடுங்க!" என்று மேனேஜர் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

விஷயம் என்ன என்று தலைவர் எங்களிடம் விசாரித்தார். நான் சொன்னேன். அதற்கு அப்புறம் அவர் செய்தது இரக்கத்தாலா, தோளில் கை வைத்த ஆத்திரத்தாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, "எல்லாம் குந்துங்கடா" என்றார். ஐம்பது பேரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "சாலைய மறிக்கத் தெரிஞ்சவனுக்கு மாடிப்படி எம்மாத்திரம்? அந்தப் பொண்ணு பேப்பரு வர்ற வரைக்கும் ஒருத்தனும் எறங்கக் கூடாது" என்றார். மேனேஜர் மேலேயே மாட்டிக்கொண்டார். அந்தப் போராட்ட வருடங்களில் எனக்கு மனதாரப் பிடித்த மறியல் அது ஒன்றுதான்.

மூன்று மணி சுமாருக்குக் கண்ணாடிக் கதவு திறந்தது. சார் கையில் நான்கு தாள். ஆண்டி, தகப்பனார் குப்பன், சாதி மலையாளி (கேரளத்துக்காரர் இல்லை, கல்வராயன் மலைக்காரர்களுக்கு அதுதான் பெயர்), பழங்குடி. விசாரணை செய்தவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசித் தாளில் ஆண்டியே தன் கையால் எழுதிய மனு. தீபா அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தாள்.

அந்த அம்மா நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "அப்ப இருந்துச்சு இல்ல?" என்றாள்.

"இருந்துச்சும்மா. தப்பு என்னுது" என்றார் நிறுத்து சார். "சீக்கிரம் போங்க. ஆபீசு மூடறதுக்குள்ள கையெழுத்து வாங்கிடுங்க."

தலைவரின் ஆள் ஒருவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அன்று மாலையே சான்றிதழ் கிடைத்தது.

மறுநாளே சார் தேடும் பக்கத்தை மாற்றினார். எண் இல்லாதவர்களுக்கு ஊர், அப்பா, தாத்தா என்று தனி வழி. மலைப் பெட்டிகளுக்குத் தனிப் பட்டியல். சீட்டையும் மாற்றினார். 'பதிவு இல்லை' என்பதை எடுத்துவிட்டு, 'சொன்ன விவரத்தை வைத்துத் தேடியதில் கிடைக்கவில்லை. வேறு விவரம் சொன்னால் மறுபடி தேடித் தரப்படும்' என்று போட்டார். சீட்டு நீளமாகிவிட்டது என்று மேனேஜர் குறை சொன்னார். அடுத்த வியாழக்கிழமைக்குள் சாரை வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்துவிட்டது. காரணம், அலுவல் நேரத்தில் சேவையை முடக்கியது. அவர் அழித்த மலைக்காக யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவந்ததற்குத்தான் தண்டனை. நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அவர் சேலத்துக்குக் கிளம்பிய அன்று நான் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு பை, ஒரு குடை, அவ்வளவுதான் அவர் சாமான்.

"அந்தப் பொண்ணு இன்னாச்சு நாலு?"

"நர்சிங்ல எடம் கெடச்சிடுச்சி சார். போன் பண்ணிச்சு."

தலையை ஆட்டினார். "அவ சண்டை போட்டா. வாங்கிக்கினா. சண்டை போடாம, சீட்ட மடிச்சு இடுப்புல சொருவிக்கினு மலையேறிப் போனவங்க கீறாங்களே, அவங்கள நான் எப்பிடித் தேடறது?" என்றார்.

கத்தாமல், சின்னக் குரலில் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் வந்தது, ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்குச் சீக்கிரம் போனேன். பழைய சீட்டுகளின் அடிக்கட்டைகளை எடுத்து, பூஜ்யம் போட்ட ஒவ்வொரு பெயரையும் புது வழியில் தேட ஆரம்பித்தேன். கிடைத்த கோப்புகளை நகலெடுத்து, வாரத்துக்கு ஒரு கட்டாக வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். ஐந்து மாதம் பிடித்தது. இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.